ஆலைவாசலில் உயர்ந்த கைகள்

சாக்ரெப்
மார்ச் 4

மதிப்பிற்குரிய நகரமன்ற உறுப்பினர் தூன்யா அவர்களுக்கு,

உடன்பிறந்த அக்காவை இப்படியா விளிப்பது என்று நீங்கள் புருவம் உயர்த்தலாம். சென்ற ஞாயிறன்று லிபொவிட்சா சந்தைத் திடலில் நீங்கள் ஆற்றிய உரையை முழுவதும் கேட்டேன். அங்கே முழங்கியவர் என் அக்கா அல்லர், நகரமன்ற உறுப்பினர். ஆகவே அவருக்கே எழுதுகிறேன். தொலைபேசியில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், ஒரே நேரத்தில் துண்டிக்கிறோம். கடிதத்திலாவது ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தாக வேண்டும்.

“என் தந்தையை ஒரு கார் கொன்றது. இனி ஓட்டுநரே இல்லாத கார்கள் உங்கள் தந்தையரைத் தேடி வருகின்றன” என்றீர்கள். கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை.

அப்பாவைக் கொன்றது கார் அன்று. திருமண ஊர்வலத்தின் முதல் வண்டியில், சன்னலில் கொடி பறக்க, விடிந்தது முதல் ராக்கியாச் சாராயம் குடித்த வாயோடு, ஒலிப்பானை விடாது அழுத்திக்கொண்டு வந்த ஒரு மனிதன் கொன்றான். அவனுக்குக் கண் இருந்தது, பார்க்கவில்லை. கால் இருந்தது, பிரேக்கை மிதிக்கவில்லை. அப்பாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தபோதே நான் முடிவெடுத்தேன்: அந்தச் சக்கரத்தை மனிதனின் கையிலிருந்து பிடுங்குவேன். பிடுங்கியும் விட்டேன். நான் உருவாக்கும் கார் குடிக்காது. கண்ணயராது. திருமணத்துக்குப் போகாது.

ஏப்ரலில் எங்கள் நிறுவனத்தின் நான்கு கார்கள் நம் ஊரில் சோதனை ஓட்டம் தொடங்குகின்றன. இரண்டாம் டிராம் தடத்தை மூடிவிட்டு எங்கள் கார்களை விடுவதா என்று நவம்பரில் மன்றம் வாக்களிக்கும். எதிர்த்துப் பேசுங்கள், அது உங்கள் உரிமை. அப்பாவை மட்டும் மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள்.

லொவ்ரோ


லிபொவிட்சா
மார்ச் 11

மதிப்பிற்குரிய பாதுகாப்புத் தலைமைப் பொறியாளர் லொவ்ரோ அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அதே நாளில் உங்கள் நிறுவனத்தின் வண்ணத் துண்டறிக்கையும் என் தபால்பெட்டியில் விழுந்தது. இரண்டாம் பக்கத்தில் உங்கள் படம், நல்ல சட்டை. அதன் கீழே எழுத்து: “என் தந்தையை ஓர் ஓட்டுநர் கொன்றார். ஆகவே ஓட்டுநரை நீக்கினேன்.” திடலில் நான் அப்பாவைச் சொன்னால் அது அரசியல். தாளில் நீங்கள் அச்சிட்டால் அது அறிவியலோ? முதலில் உங்கள் தாளிலிருந்து அவரை இறக்குங்கள். அதன்பின் என் மேடையைப் பற்றிப் பேசலாம்.

ஓட்டுநரை நீக்கினீர்கள், சரி. காரை நீக்கினீர்களா? அப்பாவின் விலாவை முறித்தது குடிகாரனின் மூச்சா, அவன் ஏறி வந்த இரும்பா? வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளியிருக்கிறீர்கள்!

இரண்டாம் தடத்தின் காலை டிராமில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். சர்க்கரை ஆலைக்குப் போகும் தொழிலாளர், மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணிகள், கூடை நிறையக் குலென் தொத்திறைச்சி சுமந்து சந்தைக்குப் போகும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், கைபேசியே இல்லாத முதியவர்கள் என்று ஒரு டிராமுக்குள் ஒரு தெருவே நிற்கும். அந்தத் தெருவை ஒவ்வொருவராய்ப் பிரித்து ஒவ்வொரு காரில் உட்கார வையுங்கள். திராவா ஆற்றுப் பாலம் தாங்குமா? பாலம் முழுக்கக் காராக நிற்கும்போது மருத்துவ ஊர்தி எந்த வழியாகப் போகும், வான்வழியாகவா?

அந்தத் தடம் மூடப்பட்டால் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்கள் ஊரை இழப்பார்கள். நான் இருக்கும்வரை அது நடவாது. குரல் இருக்கும்வரை பேசுவேன். குரல் போனால் தண்டவாளத்தில் உட்காருவேன்.

தூன்யா


சாக்ரெப்
ஏப்ரல் 2

தூன்யா அவர்களுக்கு,

துண்டறிக்கையிலிருந்து அந்த வரியை நீக்கச் சொன்னேன். விளம்பரப் பிரிவு முணுமுணுத்தது, நீக்கியது. அதில் நீங்கள் சொன்னது சரி. மற்றவற்றில் அன்று.

ஒன்று கேட்கிறேன். அப்பாவை அந்த இரும்பின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது யார்? ஆலைவாசல் நிறுத்தத்தில் தண்டவாளம் சாலையின் நடுவில் ஓடுகிறது. கதவு திறந்தால் கீழே நடைமேடை இல்லை. கார் ஓடும் சாலை இருக்கிறது. உங்கள் டிராம் அப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து, பத்திரமாகக் கதவைத் திறந்து, நடுச்சாலையில் இறக்கிவிட்டது. அவருடைய ஒரு கால் படியிலும் ஒரு கால் வெளியிலும் இருந்தபோது கொடி வண்டி வந்தது. இன்றுவரை அந்தக் கதவு அதே சாலையில்தான் திறக்கிறது. அதைப் பற்றி உங்கள் உரையில் ஒரு சொல்லும் இல்லை.

இன்னொன்று. இரண்டாம் தடம் கடைசி நிறுத்தத்தோடு நின்றுவிடுகிறது. வினோகிராத் மேட்டுக்கு ஏறுவதில்லை. மருத்துவமனையில் மாலைப் பணி முடிக்கும் செவிலியர் வீடு திரும்ப அந்த மேட்டை விளக்கில்லாத பாதையில் நடந்து ஏறுகிறார்கள். அவர்களிடம் போய் டிராமின் பெருமையைப் பேசுங்கள்.

கார்கள் திங்களன்று வருகின்றன. முடிந்தால் நின்று பாருங்கள். தண்டவாளத்தில் உட்கார்ந்தபடியே பார்த்தாலும் சரி.

லொவ்ரோ


லிபொவிட்சா
மே 19

தம்பி,

‘அவர்களுக்கு’ என்று தொடங்க இன்று முடியவில்லை. நடந்ததை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் முழுதாக விளங்காது.

அப்பா இறந்த மறுவாரம் முதல் ஆலைவாசலில் இறங்கும் ஒவ்வொருவரும், வரும் காரை நோக்கிக் கையை உயர்த்திக்கொண்டேதான் சாலையைக் கடக்கிறார்கள். ‘நில்’ என்பது அதன் பொருள். கடந்து முடித்ததும் திரும்பி நின்று, நின்ற காருக்கு மறுபடியும் அதே கையை உயர்த்துகிறார்கள். அது ‘நன்றி’. நீ ஊரை விட்டுப் போனபின் இது இன்னும் வேரூன்றிவிட்டது, பள்ளியிலேயே கற்றுக்கொடுக்கிறார்கள்.

நேற்றுக் காலை யாசென்கா ஓட்டிய டிராமில் நானும் வந்தேன். ஆலைச் சாலைக்குள் திரும்பவிருந்த உன் கார் ஒன்று, இறங்கியவர்களின் கைகளைக் கண்டு நின்றது. நின்ற இடமோ டிராமின் மூக்குக்கு நேர் எதிரே, தண்டவாளத்தின் மேல். முதல் ஆள் கடந்தார், திரும்பினார், நன்றிக் கை உயர்த்தினார். கார் அசையவில்லை. அடுத்தவர் கடந்தார், திரும்பினார், கை. கார் அசையவில்லை. நாற்பது பேர், நாற்பது நன்றி! கார் சிலைபோல் நின்றது. யாசென்கா சன்னல் வழியே தலையை நீட்டி, கை உயர்த்தி நின்ற ஷிமுனைப் பார்த்துக் கத்தினாள்.

“ஷிமுன் அண்ணே! கையை இறக்குங்க! நீங்க இறக்காம அது போகாது!”

“நமக்காக நின்ன வண்டிக்கு நன்றி சொல்லாமப் போறதா? எங்க வீட்டுல அப்படி வளர்க்கலம்மா.”

“உள்ள ஆளே இல்ல. யாருக்குச் சொல்றீங்க?”

“ஆள் இல்லாமலே இவ்வளவு மரியாதையா நிக்குதே! ஆள் இருந்தப்போ எவன் நின்னான்?”

பின்னாலிருந்து ஒருவன், “ரெண்டு பேரும் சாயங்காலம் காபி குடிச்சுக்கிட்டே பேசுங்க. ஆலையில சங்கு ஊதியாச்சு!” என்றான். அதற்குள் இன்னும் நால்வர் கை உயர்த்திவிட்டார்கள். யாசென்கா எழுந்து நின்று, “இனி ஒருத்தர் நன்றி சொன்னீங்க, டிராமை இங்கயே விட்டுட்டு நான் வீட்டுக்குப் போயிடுவேன்!” என்றாள். ஷிமுன் அவளுக்கும் கை உயர்த்தினார். கார் அதற்கும் நின்றது.

வயிறு வலிக்கச் சிரித்தேன். மாலைக் கூட்டத்தில் இதைச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. காலையில் டிராமிலிருந்து இறங்கியவர்களில் ஓர் இளைஞன், கைபேசியில் மூழ்கிய கண்ணோடு, கையை உயர்த்தாமலே, பின்னால் வந்த இன்னொரு காரின் முன்னால் இறங்கினான். அதுவும் உன்னுடையதுதான். அவன் காலடி தரையில் படுமுன் அது நின்றுவிட்டது. அவனுக்குத் தெரியவும் இல்லை. அவன் இறங்கியது அதே படி, அதே கல். லொவ்ரோ, உன் கார் அன்று வந்திருந்தால் அப்பா வீட்டுக்கு வந்திருப்பார்.

இதை மேடையில் சொல்ல மாட்டேன். உனக்குச் சொல்லாமலும் இருக்க மாட்டேன். தடத்தை மூட விடவும் மாட்டேன்.

தூன்யா


சாக்ரெப்
ஜூன் 8

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்துச் சிரித்தேன். மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைசிப் பத்தியைக் கழிவறைக்குப் போய் மறுபடி படித்தேன்.

சிரிப்பு இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. நன்றிக் கையால் கார்கள் நிற்கின்றன, நேரம் வீணாகிறது என்று மேலிடம் கூடிப் பேசியது. என்னிடம் கேட்டார்கள்: “இரண்டாவது கையை மட்டும் கார் கண்டுகொள்ளாமல் விடச் செய்ய முடியுமா?” முடியாது என்றேன். ஷிமுனின் நன்றியும், அவருக்குப் பின்னால் இறங்குகிற பெண்ணின் ‘நில்’லும் ஒரே கணத்தில் உயர்கின்றன. இரண்டும் ஒரே கை. பிரித்தறிய இயந்திரத்துக்கு இன்னும் தெரியாது. தெரியாதபோது நிற்பதே அறம்.

அவர்கள் வேறு வழி கண்டார்கள். சில நொடிகளுக்கு மேல் கை உயர்ந்தே இருந்தால் கார் மெல்ல ஊர்ந்து முன்னேற வேண்டும். மக்கள் தாமே விலகிக்கொள்வார்கள். அக்கா, மக்கள் தாமே விலகிக்கொள்வார்கள் என்று நம்பித்தான் அந்தக் கொடி வண்டியும் வந்தது. இந்த மாற்றத்துக்குப் பாதுகாப்புப் பொறியாளரின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலை நான் தர மாட்டேன்.

விற்பனைத் தலைவர் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: “பிரச்சினை நம்ம கார்ல இல்ல லொவ்ரோ, அந்த டிராம்லதான் இருக்கு. டிராமைத் தூக்கிட்டா எவன் இறங்குவான், எவன் கை தூக்குவான்?” மக்களை நீக்கிவிட்டால் மக்களுக்கு ஆபத்து இல்லை என்கிறார்! என் வாழ்நாள் உழைப்பை அவர் அந்த ஒரு வரியில் அள்ளிக் குப்பையில் போட்டார்.

நான் மாறிவிட்டேன் என்று எண்ணாதே. மனிதர் ஓட்டும் காரைவிட என் கார் மேலானது என்பதிலிருந்து ஓர் அடியும் பின்வாங்க மாட்டேன். ஆயினும் எங்கள் அறிக்கைகள் எல்லாம் என் காரை மனிதர் ஓட்டும் காரோடு மட்டுமே ஒப்பிட்டவை. டிராமோடு ஒப்பிட்டுப் பார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்டுக்கொண்டேன். விடை எனக்கு மகிழ்ச்சி தரவில்லை.

இக்கடிதத்தை மேடையில் படிக்காதே. ஒளிந்து நின்று உண்மை சொல்ல எனக்கு விருப்பமில்லை. நவம்பர் கருத்துக்கேட்புக்கு நிறுவனம் என்னைத்தான் அனுப்பும். அங்கே, எல்லோர் முன்னும், நேராகக் கேள். கேட்டதற்கு விடை சொல்வேன். அதன்பின் என் வேலை என்னவாகும் என்பது எனக்குத் தெரியும்.

லொவ்ரோ


லிபொவிட்சா
செப்டம்பர் 27

அன்புத் தம்பி,

நீ எழுதியதை யாருக்கும் காட்டவில்லை. நிறுவனத்துக்குள் நடப்பது ஏதோ எனக்குத் தெரிந்திருக்கிறது என்று மட்டும் மன்றத்தில் எங்கள் அணியின் தலைவர் ஊகித்துக்கொண்டார். “கையில வெடியை வச்சுக்கிட்டு அதைப் பூச்சட்டி மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறியே தூன்யா! கொளுத்திப் போடு, ஜெயிச்சுடலாம்” என்றார். “அது என்னோடது இல்ல, என் தம்பியோடது. அவனே கொளுத்துவான்” என்றேன். அவர் இரண்டு வாரமாக என்னோடு காபி குடிப்பதில்லை.

இந்தக் கோடையில் நான் ஒரு வேலை செய்தேன். என் பழைய உரைகளையெல்லாம் எடுத்து வைத்துக் கேட்டேன். முழங்கியிருக்கிறேன், முழக்கத்தில் குறையில்லை. அப்பாவின் சாவைச் சொல்லி வாக்குக் கேட்டிருக்கிறேன், கார்களைச் சாடியிருக்கிறேன், கூட்டத்தை எழுந்து நிற்க வைத்திருக்கிறேன். ‘நடைமேடை’ என்ற சொல் மட்டும் ஓர் உரையிலும் இல்லை. இரண்டு சாண் உயரத்துக்குக் கான்கிரீட், அவ்வளவுதான் தேவை. நான் கார் என்றேன், நீ ஓட்டுநர் என்றாய். நம் இருவரின் கண்ணுக்கும் அந்தப் படிக்குக் கீழே இருந்த வெறுமை நெடுநாள் தெரியவே இல்லை. மற்றவர்களோ கையை உயர்த்தக் கற்றுக்கொண்டு, அதுவே போதும் என்று இருந்துவிட்டார்கள். ஏப்ரலில் நீ அதை எழுதியபோது எனக்குச் சுட்டது. சுட்டதால் கோபப்பட்டேன். இப்போது கோபமில்லை, உறுதி இருக்கிறது.

நான் கொண்டுவரும் தீர்மானம் இது: இரண்டாம் தடம் நீடிக்கும். ஆலைவாசலில் இருபுறமும் நடைமேடை எழும். ஓட்டுநரில்லாக் கார்கள் கடைசி நிறுத்தத்திலிருந்து வினோகிராத் மேட்டுக்கு ஓடட்டும். உயர்ந்த கைக்கு முன்னால் அவை எவ்வளவு நேரமானாலும் நிற்க வேண்டும் என்ற கட்டளையோடு. செவிலியரிடம் போய்ப் பேசு என்றாய் அல்லவா, போய்ப் பேசினேன். ஒருத்தி சொன்னாள்: “டிராமோ காரோ, அக்கா, என்னைக் கூட்டிட்டுப் போறது எதுவோ அதுக்கு என் ஓட்டு.” நியாயம்.

உன்னிடம் இரண்டே கேள்விகள் கேட்பேன். என்னவென்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். நீ ஒத்திகை பார்த்தாய் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. கேட்கும்போது உன்னை என் தம்பி என்று பார்க்க மாட்டேன். நீயும் என்னை அப்படிப் பார்க்காதே.

தூன்யா


சாக்ரெப்
நவம்பர் 16

அக்கா,

கருத்துக்கேட்பு முடிந்ததும் சொல்லாமல் புறப்பட்டதற்கு வருந்தாதே. வாசலில் நீ இரு கைகளையும் விரித்து வருவதைக் கண்டேன். அங்கே ஒரு நொடி நின்றிருந்தால் இரு தரப்பும் பார்க்க அழுதிருப்பேன். அழுதவனின் சாட்சி செல்லாது என்று நாளைக்கு யாராவது எழுதுவார்கள்.

நீ எழுந்து, “பாதுகாப்பானது எது, பொறியாளரே?” என்று கேட்டபோது, உன் குரலில் திடல் இல்லை, வீடும் இல்லை. நான் சொன்ன விடையை மன்றக் குறிப்பில் எப்படி எழுதினார்களோ தெரியாது. சொன்னது இது: “மனிதர் ஓட்டும் காரைவிட என் கார் பாதுகாப்பானது. என் காரைவிட உங்கள் டிராம் பாதுகாப்பானது. ஆபத்து இருப்பது டிராம் நிற்கும் அந்த இடத்தில். கதவுக்குக் கீழே தரை இல்லை.” என் பக்கத்தில் இருந்த விற்பனைத் தலைவர் பேனாவை மூடினார். நீ விடவில்லை. “உயர்ந்த கைக்கு முன்னால் உங்கள் கார் ஊர்ந்து முன்னேறுமா?” என்றாய். “ஊரச் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை” என்றேன்.

பார்வையாளர் வரிசையிலிருந்து ஷிமுன் அண்ணனின் குரல் அப்பாவின் பெயரோடு கேட்டது. “அந்துனோட பையன்டா அவன்! அப்படித்தான் சொல்வான்!” மன்றத் தலைவர் அவரை உட்காரச் சொன்னார். அவர் தலைவருக்கு நன்றிக் கை உயர்த்தினார். ஆளும் அணியின் முதல் வரிசையே குலுங்கிச் சிரித்ததைப் பார்த்தாயா? அந்தச் சிரிப்பில்தான் இரண்டு மூன்று வாக்குகள் இடம் மாறின என்று நினைக்கிறேன். முடிவை ரயிலில் வரும்போது கேட்டேன். தடம் பிழைத்தது; நடைமேடைத் தீர்மானமும் நிறைவேறியது. எதிரே இருந்த பெண்மணி, “உடம்பு சரியில்லையா தம்பி?” என்று கேட்டார். “சரியாகிவிட்டது” என்றேன்.

மறுநாள் அலுவலகக் கதவு என் அட்டைக்குத் திறக்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்தால், உள்ளே என் நாற்காலியில் ஏற்கெனவே வேறொருவர் இருந்தார். வருத்தம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். என் கார்கள் அவை. கைக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தது நான். உங்கள் மன்றத்தின் கட்டளை இருப்பதால் நம் ஊரிலாவது அவை நிற்கும். எங்கும் நிற்க வேண்டும் என்று சட்டமாக்கும்வரை நான் ஓய மாட்டேன். அதற்கான வேலையை வேறொரு மேசையில் தொடங்கிவிட்டேன்.

அப்பா போனபின் நான் ஆலைவாசலில் ஒருமுறையும் இறங்கியதில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடந்தே வந்திருக்கிறேன். நீ கவனித்தாயோ என்னவோ. நடைமேடை எழும் நாள்வரை இறங்கவும் மாட்டேன். எழுந்ததும் எழுது.

லொவ்ரோ


லிபொவிட்சா
மே 7

என் தம்பி,

எழுந்துவிட்டது.

ஒப்பந்தக்காரர் இழுத்தடித்தார், விடவில்லை. மழையைக் காரணம் சொன்னார், குடையோடு போய் நின்றேன். நேற்று முன்தினம் சாந்து காய்ந்தது. இன்று காலை யாசென்காவின் டிராம் முதன்முதலாக மேடையோடு ஒட்டி நின்றது. பேச வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக, மேடை கிடைத்தும் மறுத்தேன். இது பேசுவதற்கான மேடை அன்று என்றேன்.

ஷிமுன் அண்ணன் எனக்குப் பின்னால் இறங்கினார். மேடையின் நடுவில் நின்று, சாலையை நோக்கிக் கம்பீரமாகக் கையை உயர்த்தினார். வினோகிராத் மேட்டில் இரவுப்பணி முடித்த செவிலியரை இறக்கிவிட்டுப் பணிமனைக்குத் திரும்பிய உன் கார் ஒன்று, எந்தத் தேவையும் இல்லாமல், அப்படியே நின்றது.

“ஷிமுன் அண்ணே! அதான் மேடை கட்டியாச்சே! இன்னும் எதுக்குக் கையைத் தூக்கி அதை நிறுத்துறீங்க?”

“நிறுத்தலம்மா. நன்றி சொல்றேன். மேடைக்கும் சேர்த்து.”

“அய்யோ, மறுபடியுமா!” என்று யாசென்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். கார் அவர் கையை இறக்கும்வரை நின்றது. ஊரவில்லை, லொவ்ரோ. ஒரு விரல் அளவும் ஊரவில்லை. நீ கற்றுக்கொடுத்ததை அது மறக்கவில்லை.

நான் இறங்கியதை இன்னும் சொல்லவில்லை. கதவு திறந்தது. யாசென்கா மணியை ஒருமுறை அடித்தாள். அப்பா இறந்ததிலிருந்து அது அந்த இடத்தில் ஓட்டுநர்களின் வழக்கம், மேடை வந்தாலும் விட மாட்டார்களாம். படியில் ஒரு கால் வைத்தேன். மறு காலை வெளியே நீட்டியபோது என் உடம்பு பழக்கத்தால் பள்ளத்தை எதிர்பார்த்தது. பள்ளம் இல்லை. கால் பதித்த இடத்தில் தரை இருந்தது.

அப்பா முடிக்காமல் போன அந்த ஓர் அடியை நான் எடுத்து வைத்துவிட்டேன். ஞாயிறன்று சாக்ரெப் ரயில் வந்ததும் இரண்டாம் தடத்தில் ஏறு. முந்தைய நிறுத்தத்தில் இறங்காதே. நான் மேடையில் நிற்பேன், கையை உயர்த்திக்கொண்டு.

அக்கா